கோர்ட்டு ஏறாத வழக்கு

தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மக்களின் மனக்கண் முன் இரண்டு காட்சிகள் எழுகின்றன. ஒன்று, தூத்துக்குடித் துறையில் சுதேசிக் கப்பல் வந்து நின்ற காட்சி. மற்றொன்று, கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கவேண்டிய செக்கை அவர் இழுத்த காட்சி. இவ்விரண்டிற்கும் இடையே நடந்தது என்ன என்பதைப் பலர் விசாரிப்பதில்லை. கப்பல் கம்பெனி முறிந்து போயிற்று என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம். அந்தக் கம்பெனி தானாக முறிந்ததா, அல்லது முறிக்கப்பட்டதா? முறிக்கப்பட்டதாயின், முறித்தவர்கள் பேரில் நஷ்டஈடு கேட்க அந்நாளைய சட்டத்தில் வழி இருந்ததா? பிள்ளையவர்கள் தாமே ஒரு வக்கீல். எனவே அவருடைய ஜீவிய சரித்திரத்தை இந்தக் கேள்வியை முன்வைத்துப் படிப்பது பொருத்தமற்ற காரியம் ஆகாது. இன்று சொந்த முதல் போட்டு வியாபாரம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் இதில் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் உண்டு.

பிள்ளையவர்கள் 1872-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் அவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற வக்கீல். மகனும் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1895-ம் வருஷ முதல் ஒட்டப்பிடாரத்தில் அதே தொழிலை நடத்தினார். ஆனால் தந்தையின் கட்சிக்காரர்கள் வேறு, மகனின் கட்சிக்காரர்கள் வேறு. பணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்காக அவர் கோர்ட்டில் நின்றார். போலீஸாரின் வழக்குகளை உடைத்தெறிந்ததால் அவர்களுடைய பகையையும் தேடிக்கொண்டார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். சட்டம் எளியவருக்கும் உதவும், உதவச் செய்யலாம் என்ற நம்பிக்கை அவருடைய தொழிலின் அஸ்திவாரமாக இருந்தது. பின்னால் நடந்தவற்றை இந்த நம்பிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவற்றின் கொடுமை விளங்கும்.

தூத்துக்குடி அந்நாளில் கொழும்புக்கு வாசல். அரிசியும் பருத்தியும் கருவாடும் அவ்வழியே சென்றன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஏழைத் தமிழர்களும் அவ்வழியே சென்றார்கள். இந்தப் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்குமிடையே கப்பல் விடத் தொடங்கிய அந்த ஸ்தாபனம், சர்க்காரின் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தங்களால் கொழுத்து, இந்துமகா சமுத்திரத்தின் கரைகளெல்லாம் பரவியிருந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். கோரல் மில் என்னும் நூல் ஆலையை நடத்தியவர்களும் அவர்களே.

வங்காளத்தில் சுதேசி இயக்கம் மூண்ட காலம். திலகரைத் தலைவராகக் கொண்ட பிள்ளையவர்கள், நெசவுசாலை, பண்டகசாலை முதலியவற்றை நிறுவியதோடு திருப்தியடையவில்லை. அந்நியர் வந்தது கடல் வழியே. அவர்களுடைய வியாபாரம் நிற்பதும் கடல் மீதே. ஆகவே கடலிலேயே போட்டியிட வேண்டும் என்று துணிந்தார். 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியாக் கண்டத்தார் எவரும் பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லக்ஷம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கிக் காரியதரிசியானார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி என்ற சிறு பதவியை ஏற்றுக்கொண்டு, முழுப் பாரத்தையும் சுமந்தார். சட்டம் அறியாதவர்கள் உணர்ச்சி வேகத்தில் தொடங்கிய காரியம் அன்று இது. கம்பெனிச் சட்டத்தின்படி முறையாக அமைந்த, தகுந்த ஆலோசகர்களைக் கொண்ட வியாபார ஸ்தாபனம்.

இனி, இந்த ஸ்தாபனத்திற்கு நேர்ந்த தீங்குகளை, ஒரு வழக்கில் விவாத அம்சங்களைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வாடகைக் கப்பல் விஷயம். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் என்னும் கப்பல் முதலாளிகளிடம் குத்தகைக்குக் கப்பல்கள் வாங்கி ஓட்டினார்கள். ஜனங்கள் சுதேசிக் கப்பலுக்குத் திரண்டார்கள். இதைப் பொறாத பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் ஷா லைன் மீது நெருக்குதல் செய்யவே, அவர்கள் குத்தகையை ரத்துச் செய்து கப்பல்களைத் திருப்பிக்கொண்டார்கள். டிக்கெட்டு விற்று, சரக்கு ஒப்புக்கொண்ட பின் கப்பல் இல்லாத கப்பல் கம்பெனியாய்ச் சுதேசிக் கம்பெனி நின்றது.

சட்டம் இதற்கு என்ன சொல்லிற்று? இந்தியாவில் சிவில் அபகாரங்களுக்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. இங்கிலாந்தின் கோர்ட்டுகள் வகுத்த கொள்கைகளையே நம் கோர்ட்டுகள் நியாயத்திற்கும் மனச்சாட்சிக்கும் பொருந்துமளவு தழுவி வந்தன. அக்கொள்கைகளில் ஒன்று 1853-ல் பிறந்தது. லம்லி என்னும் லண்டன் நாடகசாலைக்காரர், ஜோஹன்னா வாக்னர் என்னும் பாடகியோடு ஒப்பந்தம் செய்திருந்தார். கை என்னும் மற்றொரு நாடகசாலைக்காரர் அந்த ஒப்பந்தம் இருப்பதை அறிந்தும், அவளைத் தம் பக்கம் இழுத்தார். ஒப்பந்தத்தை மீறியவள் பாடகியே எனினும், மீறும்படி தூண்டியவனும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்மானித்தார்கள். அன்று முதல், பிறருடைய ஒப்பந்தத்தை அறிந்தே முறிக்கத் தூண்டுவது வழக்குக்கு உரிய குற்றமாயிற்று.

ஷா லைன் விஷயத்தில் இந்த நியாயம் அப்படியே பொருந்தும் போலத் தோன்றுகிறது. ஆனால் கோர்ட்டில் ஜயிப்பதற்குத் தோற்றம் போதாது. குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைப்படியே அது முடிக்கப்பட்டதா, நிபந்தனைக்கு மாறாக மீறப்பட்டதா என்று முதலில் தீர்மானமாக வேண்டும். நெருக்குதல் செய்ததற்குச் சாக்ஷியம் வேண்டும். அது மூடிய அறைகளில் நடக்கும் காரியம். அந்தச் சாக்ஷியத்தைச் சொல்லக்கூடியவர்கள் நெருக்குதலுக்கு அஞ்சிய அந்த முதலாளிகளே. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் வேண்டும். கீழ்க்கோர்ட்டு, ஹைகோர்ட்டு, பிரிவி கவுன்சில் என்று வழக்கு ஏறி இறங்குவதற்குள் துறையில் கப்பலின்றிக் கம்பெனி எத்தனை மாதம் உயிரோடிருக்கும்? நிலத்தைப் பற்றிய வழக்கில் நிலம் அங்கேயே கிடக்கும். வியாபாரத்தைப் பற்றிய வழக்கில், தீர்ப்பு வரும்போது வியாபாரம் இராது. பிள்ளையவர்கள் கொழும்புக்கு விரைந்து வேறொரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்தார். பிராது எழுதும் கையை அவர் சுக்கான் பிடிக்க உபயோகித்தார். வக்கீல் என்ற முறையிலும் அது சரியான முடிவே என்பது நம் அபிப்பிராயம்.

அதன்பின் சொந்தக் கப்பல் இன்றி மீட்சியில்லை என்று கண்டு, கப்பலோடுதான் திரும்புவேன் என்ற விரதத்துடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. தூத்துக்குடி அன்று கொண்டாடிய கொண்டாட்டம் இன்றும் தமிழ்நாட்டின் வாய்மொழியில் நிலைத்திருக்கிறது.

இரண்டாவது அம்சம், கட்டணப் போர். இதுதான் வழக்கின் உயிர்நிலை. ஒப்பந்தத்தை முறித்து ஒழிக்க முடியாத போட்டியாளனை விலையைக் குறைத்து ஒழிக்க பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் தீர்மானித்தார்கள். கொழும்புப் பிரயாணத்திற்கு ஒரு ரூபாய் என்று கட்டணத்தை இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. உடனே வெள்ளைக் கம்பெனியார், கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறி வாருங்கள், வருபவருக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். இது நாடறிந்த செய்தி. காசு கொடுக்காமல் பிரயாணம் செய்து, வெயிலுக்குக் குடையும் பெற்று இறங்கினான் பிரயாணி. காலியாவும் லாவோவும் காலியாக ஓடின.

இலவசமாக ஏற்றிச் செல்வது வியாபாரம் ஆகாது. அதில் லாபம் ஒரு தம்பிடியும் இல்லை. ஆயினும் பெரிய கம்பெனிக்கு அது பெரிய நஷ்டமும் அன்று. ரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீக வளைகுடாவிலும் போட்டியின்றி வாங்கும் கட்டணத்திலிருந்து தூத்துக்குடி நஷ்டத்தை அது ஈடுசெய்துகொள்ளலாம். சிறிய கம்பெனிக்கு இருப்பதோ ஒரே கடல்வழி. போட்டியாளன் தொலைந்தபின் பழைய கட்டணம் திரும்பி வரும். குடை வாங்கியவனே அதையும் கொடுப்பான். இந்தத் தந்திரம் தூத்துக்குடியில் முதன்முதலாகப் பிறந்ததும் அன்று. 1880-களில் வங்காளத்தில் ஜ்யோதிரிந்திரநாத் தாகூர் நதிகளில் நீராவிக் கப்பல் விட்டபோது, அந்நியக் கம்பெனியோடு நடந்த கட்டணப் போரில் பொருளை இழந்து விலகினார். 1890-களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா சீன தேசத்துக்குக் கப்பல் விட்டபோது, பி. அண்டு ஓ. கம்பெனியார் சரக்குக் கட்டணத்தைப் படுபாதாளத்திற்கு இறக்கினார்கள். டாட்டாவின் கப்பல் வரிசை நிற்கவில்லை.

இது அநியாயம் என்று சாதாரண அறிவுடைய எவனும் சொல்வான். ஆனால் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. சட்டத்தில் நஷ்டம் வேறு, அபகாரம் வேறு. ஒரே கடைத்தெருவில் இரண்டாவது ஜவுளிக்கடை வைத்து மலிவாக விற்பவனால் முதற் கடைக்காரனுக்கு நஷ்டம் உண்டு; ஆயினும் அவன் கோர்ட்டுக்குப் போக முடியாது. இந்த விதி நல்ல விதியே. இதுவன்றிப் போட்டியே இராது, மலிவே இராது. ஆனால் இவ்விதியை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு 1891-ம் வருஷக் கடைசியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு பதில் சொல்லியது. அதுவும் கப்பல் வழக்குத்தான். சீனத்திலிருந்து இங்கிலாந்துக்குத் தேயிலை ஏற்றிச் செல்லும் கப்பல் முதலாளிகள் பலர் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். சங்கத்தில் இடம் பெறாத மொகல் கம்பெனியின் கப்பல்கள் 1885-ல் ஹாங்கௌ துறைக்கு வந்தபோது, சங்கத்தார் தங்கள் கப்பல்களை அங்கே அனுப்பி, அடக்கச் செலவுக்கும் குறைவாகக் கட்டணத்தை இறக்கினார்கள். தங்கள் கப்பல்களிலேயே சரக்கு ஏற்றுபவர்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் தள்ளுபடி என்றார்கள். மொகல் கம்பெனி, தன்னை ஒழிக்கச் செய்த சதி இது என்று வழக்கிட்டது. சட்டவிரோதமான பலாத்காரமோ மோசடியோ இல்லை. தங்கள் லாபத்தை நாடிச் செய்த போட்டியே இது. எவ்வளவு கடுமையாயினும் வழக்குக்கு இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. அப்பீல் கோர்ட்டில் எஷர் பிரபு ஒருவர் மாத்திரம் மாறுபட்டார். அவர் பக்ஷம் நிற்கவில்லை.

பிள்ளையவர்கள் கம்பெனி தொடங்குவதற்கு 15 வருஷங்களுக்கு முன்பே இந்தக் கதவு அடைபட்டுவிட்டது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். இலவச டிக்கெட்டையும் குடையையும் காட்டி அவர் எந்தக் கோர்ட்டில் பிராது கொடுத்திருந்தாலும், எதிர்க்கட்சி வக்கீல் மொகல் தீர்ப்பை எடுத்து மேஜைமேல் வைத்திருப்பார். வழக்கு அந்த க்ஷணமே முடிந்திருக்கும்.

சட்டம் எல்லோருக்கும் ஒரே கண்டிப்புடன் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1901-ல் அதே பிரபுக்கள் சபைக்கு அயர்லாந்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. லீதம் என்னும் இறைச்சி வியாபாரி சங்கத்தில் சேராத தொழிலாளரை வைத்திருந்தார். சங்கத்தார் அவருடைய பெரிய வாடிக்கைக்காரரை அச்சுறுத்தி அவரிடம் சரக்கு வாங்குவதை நிறுத்தச் செய்தார்கள். இங்கே, பலர் கூடி ஒருவனுடைய வியாபாரத்தைக் கெடுப்பது வழக்குக்கு உரிய அபகாரம் என்று தீர்ப்பாகி, லீதம் நஷ்டஈடு பெற்றார். முதலாளிகள் பலர் கூடி ஒரு கம்பெனியை ஒழித்தால் அது போட்டி. தொழிலாளர் பலர் கூடி ஒரு கடைக்காரனை வருத்தினால் அது சதி! சட்ட நூலாசிரியர்கள் இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் நுட்பமான வேற்றுமை காட்டுவார்கள். அந்த வேற்றுமை வலியவன் பக்கமே சாய்ந்தது என்பது மாத்திரம் சாமானிய மனிதனுக்கும் தெரியும்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. மொகல் தீர்ப்பு வெள்ளைக் கம்பெனியைக் காத்த கேடயம் எனில், அதே கேடயம் பிள்ளையவர்களையும் காத்தது. சுதேசிக் கப்பலிலேயே ஏறுங்கள், அந்நியச் சாமான்களை வாங்காதீர்கள் என்று அவர் மேடைதோறும் பிரசங்கம் செய்தார். இதனால் எதிரிகளின் வியாபாரம் கெட்டது மெய்யே. ஆனால் அடியில்லை, மோசடியில்லை. ஜனங்கள் தங்கள் இஷ்டப்படி கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகையால் அவர் பேரிலும் சிவில் கோர்ட்டில் ஜயிப்பது எளிதன்று. கோர்ட்டிலும் ஒழிக்க முடியாது, கடலிலும் முற்றாக ஒழிக்க முடியவில்லை என்ற நிலையில்தான் மூன்றாவது கை ஒன்று நீண்டது. அது சர்க்காரின் கை.

1908-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவமும் அவர்களுக்குத் தலைமை வகித்தனர். சுமார் பத்து நாட்களுக்குள் முதலாளிகள் இணங்கினார்கள். கப்பலில் எதிர்த்த அதே மனிதர் ஆலையிலும் எதிர்த்து ஜயித்தார். இரண்டிடத்திலும் எதிரே நின்றது ஒரே ஹார்வி கம்பெனி. மார்ச் மாதம் 12-ந் தேதி அவர் கைதியானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை மாதம் 7-ந் தேதி செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே, ராஜத்துரோகத்திற்கு 20 வருஷமும், சிவத்துக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 வருஷமுமாக இரண்டு தீவாந்தர சிக்ஷைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் கம்பெனியின் உயிர் முதல் நாளிலேயே போய்விட்டது.

சர்க்காரின் செய்கையால் வியாபாரம் அழிந்தால் சர்க்கார் மீது வழக்கிட முடியாதா? முடிந்த காலமும் உண்டு, முடிந்தவர்களும் உண்டு. கல்கத்தாவில் கித்திர்ப்பூர்க் கப்பல் துறையில் சர்க்கார் கூலியாட்கள் இரும்புப் பாளத்தைச் சாலையில் கீழே போட்டதால், பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை வெருண்டு காயமுற்றது. 1861-ல் அந்த வழக்கு கம்பெனிக்கு அநுகூலமாகத் தீர்ந்து, 350 ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. சாதாரண வியாபாரி செய்யக்கூடிய தொழிலைச் சர்க்கார் செய்யும்போது நேர்ந்த தீங்குக்குச் சர்க்கார் பொறுப்பு. ராஜ அதிகாரத்தைச் செலுத்தும்போது நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பில்லை என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த விதி. ஜட்ஜுகள் நல்லெண்ணத்துடன் செய்த காரியங்களுக்காக அவர்கள் பேரில் வழக்கிட முடியாதென்று 1850-ம் வருஷச் சட்டம் ஒன்றும் இருந்தது. ஆகவே ஒரு கப்பல் கம்பெனியின் குதிரைக்குப் பட்ட காயத்திற்குப் பரிகாரம் இருந்தது. மற்றொரு கப்பல் கம்பெனியையே நிறுத்திய சிறைவாசத்திற்குப் பரிகாரம் இல்லை.

பிள்ளையவர்கள் சிறைக்குள்ளே செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே பங்குதாரர்கள் அஞ்சி ஒதுங்கினார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர்களிடமே விலையாகிவிட்டன. 1912-ம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ந் தேதி கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது, அவரை எதிர்கொள்ளக் கூட்டம் கூடவில்லை. ஒரு காலத்தில் அவருடைய ஒரு சொல்லுக்குக் கடைகளை அடைத்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதில் பயனில்லை. குடைக்காகக் கப்பல் மாறியவர்களும் நம் ஜனங்களே.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையிலும் பின்னர்க் கோயமுத்தூரிலும் குடும்பத்தைக் காக்க அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. லக்ஷக்கணக்கான ரூபாய்ப் பங்குகளைச் சேர்த்தவர், அன்றாட ஜீவனத்துக்கு மளிகைக் கடையும் வைத்துப் பார்த்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் குமாரன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் அனைவரையும் வெறுத்தவர் அவர் என்று எழுதியவர்களுக்கு இதுவே பதில். அவர் பகைத்தது அநியாயத்தை. ஒரு சாதியை அன்று. கோவில்பட்டியில் மீண்டும் வக்கீல் தொழில் நடத்தி, தமிழ் நூல்களைப் பதிப்பித்தும் எழுதியும் வந்தார். தூத்துக்குடியில் 1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி, அவர் விரும்பியபடியே காங்கிரஸ் காரியாலயத்தில், உயிர் நீத்தார்.

அவருக்கு மறுக்கப்பட்ட சட்ட ஆயுதம், அவர் வாழ்நாளிலேயே வேறொருவர் கையில் பளபளத்ததையும் சொல்லவேண்டும். 1920-ல் சென்னையில் பக்கிங்காம் ஆலைத் தகராறின்போது, பின்னி கம்பெனியார் தொழிற்சங்கத் தலைவர் பி. பி. வாடியா முதலியோர் பேரில் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். தொழிலாளர் தங்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்பதே பிராது. பாடகியின் வழக்கில் பிறந்த அதே கொள்கை! ஹைகோர்ட்டு தாமதமின்றித் தடையுத்தரவு பிறப்பித்தது. ஷா லைன் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியபோது துருப்பிடித்துக் கிடந்த ஆயுதம், ஏழைத் தொழிலாளர் மீது எவ்வளவு கூர்மையாகப் பாய்ந்தது பாருங்கள். இதன் பலனாக எழுந்த கிளர்ச்சியே 1926-ம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தொழில் தகராறில் இத்தகைய வழக்குகளிலிருந்து ரிஜிஸ்தரான சங்கங்களுக்கு அச்சட்டம் பாதுகாப்பளித்தது.

கப்பல் விஷயத்திலும் பிள்ளையவர்களின் கேள்வி மடியவில்லை. 1919-ல் தோன்றிய ஸிந்தியா கம்பெனி அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு அதே கட்டணப் போரைச் சந்தித்தது. 1928-ல் ஹாஜி என்பவர் கரையோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1930-ம் வருஷம் ஜனவரியில் மகாத்மா காந்தி வைஸ்ராயின் முன் வைத்த 11 கோரிக்கைகளில் அந்த மசோதாவும் ஒன்று. உப்பு வரியைப் பற்றிய கோரிக்கையை உலகம் அறியும்; அதே பட்டியலில் கப்பலும் இருந்ததைச் சிலரே அறிவர். 1949-ல் பிள்ளையவர்களின் பெயர் தாங்கிய கப்பலை ராஜாஜி தொடங்கிவைத்தார். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைப் பெற்றது.

பெயர் வைப்பது எளிது. நியாயம் வைப்பது அரிது. அந்த நியாயத்திற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கச் சுதந்தரத்திற்குப் பின்னும் வெகுகாலம் ஆயிற்று. 1969-ல் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2002-ல் இயற்றப்பட்ட போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் பெற்ற ஸ்தாபனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்க விலைக்குக் குறைவாக விற்பதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு 2009-ல் அமலுக்கு வந்தது. தீங்குற்றவர் அப்பீல் டிரிப்யூனலில் நஷ்டஈடு கேட்கவும் இச்சட்டத்தில் வழி உண்டு. இலவச டிக்கெட்டும் குடையும் இன்று நேர்ந்தால் அவற்றைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. 1907-ல் பெயரற்றிருந்த அபகாரத்திற்கு நூறு வருஷங்களுக்குப் பின் பெயர் கிடைத்திருக்கிறது.

ஆனால் பெயர் கிடைத்ததோடு காரியம் முடிந்ததா? ஆதிக்கம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். அடக்க விலை இன்னதென்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு எதிராளியின் பெட்டியில் இருக்கும். அதற்குள் சிறு வியாபாரியின் முதல் கரைந்துவிடும். பிள்ளையவர்களின் காலத்தில் சட்டம் இல்லாமையால் நியாயம் தவறியது. நம் காலத்தில் சட்டம் இருந்தும் தாமதத்தால் நியாயம் தவறுமானால், இரண்டிற்கும் பலன் ஒன்றே. வியாபாரத்திற்கு இழைத்த தீங்கைப் பற்றிய வழக்குகளில் காலமே பாதி நியாயம் என்பதை நீதிபதிகளும் சட்டம் இயற்றுவோரும் உணர்ந்து, விசாரணை முடியும்வரை தீங்கை நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவுகளைத் தயங்காமல் வழங்கவேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. எந்தச் சட்டமும் வாங்குபவனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. இலவசமாகக் கொடுக்கப்படும் பொருளைக் கண்டால், இதன் விலையை நாளைக்கு யார் கொடுப்பார், இன்று யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் நின்று கேட்கவேண்டும். தூத்துக்குடியில் அந்த விலையைக் கொடுத்தவர் சிதம்பரம் பிள்ளை. அவர் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியாமற்போன பிராது இன்று நம் முன் இருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்லவேண்டியவர்கள் நாமே.